நாய்க் காப்பகத்தில் முதல் சில வாரங்கள்: புதிதாகச் சேருகிறவர்களுக்கு

காப்பகத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: "நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிற வேலையில் நான் எப்போது சேரலாம்?" கையில் வாளியையும் துடைப்பத்தையும் கொடுத்ததும் முகம் கொஞ்சம் வாடும். அந்த வாட்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் பல வருடங்களாக நாய்களை வழியனுப்பி வைத்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். அறையைக் கழுவுகிறவர் கண்ணில் என்ன பட்டது என்பதை வைத்துத்தான் அந்த நாய்க்கு வீடு அமைகிறது. எதற்குப் பயப்படுகிறது, எந்த நேரத்தில் சாப்பிடுகிறது, யார் வந்தால் உடம்பைத் தளர்த்திக்கொண்டு படுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தத்தெடுக்க வருகிறவரிடம் "இந்த நாய் உங்கள் வீட்டுக்குச் சரிவரும்" என்று சொல்ல நம்மிடம் வேறு ஆதாரம் இல்லை.

அதனால் முதல் நாளே சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு ஒரு பக்கம். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கத்தான்.

சேருவதற்கு முன்

முதலில் உங்கள் ரேபிஸ் தடுப்பூசி. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமாகத்தான் தொற்றுகிறது. நோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். நாய்களோடு வேலை செய்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2018 முதல் இதை 2 தவணையாகப் பரிந்துரைக்கிறது: இன்று ஒன்று, 7 நாள் கழித்து ஒன்று. இதைப் போட்டுக்கொண்டவருக்கும் பின்னால் கடிபட்டால் ஊசி வேண்டும்தான், ஆனால் தவணை குறைவு. டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாகிறது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

முழுக்கால் பேண்ட், வழுக்காத மூடிய ஷூ. தொங்கும் காதணி, கழுத்தில் சுற்றிய துப்பட்டா எதுவும் வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டிலேயே நாய் இருந்தால் அதற்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். காப்பகத்து ஷூவை வீட்டு வாசலுக்கு வெளியிலேயே விடுங்கள், உடையை மாற்றிவிட்டுப் பிறகு அதைக் கொஞ்சுங்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் வர வேண்டாம். நாய்ச் சிறுநீரிலும் மலத்திலும் தோலிலும் இருந்து மனிதருக்கு ஒட்டக்கூடியவை சில உண்டு: லெப்டோஸ்பைரோசிஸ், உருளைப்புழு, படர்தாமரை, ஒருவகைச் சொறி.

சத்தத்துக்கும் தயாராகுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கூண்டு வரிசைக்குள் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கதவைத் திறப்பதற்கு முன் ஒரு சுற்று

காலையில் வந்ததும் குழாயைத் திறக்காதீர்கள். கையில் நோட்டோடு சத்தமில்லாமல் ஒரு சுற்று நடங்கள். கழுவ ஆரம்பித்துவிட்டால் இரவு நடந்ததற்கான தடயமெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்.

என்ன பார்ப்பது? வாந்தி இருக்கிறதா, மலம் கெட்டியா தண்ணீரா, அதில் ரத்தமோ புழுவோ தெரிகிறதா. தண்ணீர்ப் பாத்திரம் நேற்று வைத்தபடியே நிறைந்திருக்கிறதா. படுக்கை பிய்ந்து கிடக்கிறதா. எல்லா நாயும் எழுந்து வரும்போது எது படுத்தே கிடக்கிறது. இருமல் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. தினமும் கதவருகே வந்து நிற்கிற நாய் இன்று வரவில்லை என்றால் அது ஒன்றே மருத்துவரைக் கூப்பிடப் போதுமான காரணம்.

சந்தேகம் வந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது நம்மைவிடச் சூடு. தொட்டுப் பார்த்து "காய்ச்சல்" என்று முடிவு செய்வது பலிக்காது, தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கழுவுவதில் வரிசை உண்டு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் உயிரை வாங்குவது இங்கேதான் நடக்கிறது.

முதலில் குட்டிகள் இருக்கும் அறை, பிறகு ஆரோக்கியமான பெரிய நாய்கள், அதற்குப் பிறகு புதிதாக வந்து தனியே வைக்கப்பட்டவை, கடைசியில் நோயாளிகள். இந்த வரிசை ஒருபோதும் தலைகீழாகக் கூடாது. நோயாளி அறையிலிருந்து வெளியே வந்தபின் "ஒரு நிமிஷம்தானே" என்று குட்டிகள் பக்கம் திரும்பிப் போகக் கூடாது. துடைப்பம், வாளி, கையுறை எல்லாம் அந்தந்தப் பகுதிக்குத் தனித்தனி.

குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ என்ற வைரஸை மனதில் வைத்துத்தான் இவ்வளவு கறார். தொற்றிய நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறி, தரையிலும் மண்ணிலும் ஒரு வருடத்துக்கும் மேல்கூட உயிர்ப்போடு கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஷூவில் ஒட்டியிருந்தாலே ஒரு குட்டிக்குத் தொற்றிவிடும். வாசனைக்காக ஊற்றும் திரவங்கள் பலவற்றுக்கு அது அசையாது. ப்ளீச்சுக்கு அசையும், ஆனால் முறையாகப் போட வேண்டும்.

முறை இதுதான். நாயை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தரையைத் தேய்த்து அலசுங்கள். அழுக்கு இருக்கும் இடத்தில் ப்ளீச் வேலை செய்யாது, அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். சிறுநீர் தேங்கிய இடத்தில் அப்படியே ஊற்றினால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். தரை சுத்தமான பிறகு, வீட்டு உபயோக ப்ளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் 30 மில்லி கலந்து ஊற்றி, 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்க விடுங்கள். கடிகாரம் பார்த்து 10 நிமிடம். அவசரத்தில் 2 நிமிடத்தில் அலசிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். பிறகு நன்றாக அலசி, தண்ணீரை வழித்துத் தள்ளி, காயவிட்டு நாயை உள்ளே விடுங்கள். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரியுங்கள், வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். ஆசிட்டோடும் அமோனியா உள்ள திரவங்களோடும் அதை ஒருபோதும் கலக்க வேண்டாம்.

ஒரே நாய் தங்கி இருக்கும், நோயில்லாத அறையைத் தினமும் இப்படித் தலைகீழாகக் கழுவ வேண்டியதில்லை. அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, அதன் போர்வை சுத்தமாக இருந்தால் அதையே விட்டுவைக்கலாம். தன் வாசனை உள்ள துணி பக்கத்தில் இருப்பது பயந்த நாய்க்குப் பெரிய தைரியம்.

தட்டில் மிஞ்சியது

ஒவ்வொரு நாய்க்கும் தனித்தட்டு, தனியிடம். ஒரே அறையில் இரண்டு நாய் இருந்தாலும் சாப்பிடும்போது பிரித்துவிடுங்கள். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு திரியும் ஜோடிகூடத் தட்டுக்கு முன்னால் சண்டை போடும். தட்டை வைத்து 15, 20 நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். மிஞ்சியது எவ்வளவு என்று எழுதுங்கள்: முழுசும், பாதி, தொடவே இல்லை. இவ்வளவு எழுதினால் போதும்.

எலும்பும் தோலுமாக வந்த நாயைக் கண்டால் தட்டு நிறையக் கொட்டத் தோன்றும். அது அன்புதான், ஆனால் ஆபத்தான அன்பு. பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறிவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவைச் சிறிது சிறிதாக, நாளைக்குப் பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மற்ற நாய்களுக்கும் தீனியை மாற்றுவதானால் 7 முதல் 10 நாள் வரை பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பூட்டி கலந்த பண்டங்கள் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பார்வையாளர்கள் ஆசையாகக் கொண்டுவருவதை ஒரு கண் வைத்துப் பாருங்கள்.

சாம்பல் என்று ஒரு நாய் இருந்தான். நிறத்தை வைத்து வந்த பெயர். வந்து 5 நாளாகியும் எங்கள் கண்முன்னால் தட்டைத் தொடவில்லை, ஆனால் அவனுக்காக இரவில் விட்டுவைத்த தட்டு காலையில் காலியாக இருக்கும். பக்கத்து அறை நாய் கம்பி வழியாக இழுத்துச் சாப்பிடுகிறதோ என்றுகூட நினைத்தோம். ஒருநாள் மதியம் நான் அவன் அறைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கம்பிக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கழுத்துப்பட்டையின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னால் மெல்ல நொறுக் நொறுக்கென்று சத்தம். திரும்பினேன், நின்றுவிட்டது. மறுபடி முதுகைக் காட்டினேன். சிறிது நேரம் கழித்துச் சத்தம் மறுபடி தொடங்கியது. அவனுக்குப் பசி இல்லாமல் இல்லை, ஆள் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் அவனைப் பார்க்கக் கூடாது. "முதுகைக் காட்டி உட்கார்ந்தால் சாப்பிடுகிறான்" என்று அன்று எழுதினேன். அந்த ஒரு வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாய் சொல்வதைக் கேட்பது

வாலாட்டினால் நட்பு என்பதை மறந்துவிடுங்கள். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, வேகமாகச் சின்னதாக ஆடினால் அது வேறு செய்தி. இடுப்போடு சேர்ந்து முழு உடம்பும் குழைந்து ஆடுவதுதான் நட்பு.

சங்கடப்படும் நாய் முதலில் சின்னச் சின்னதாகத்தான் சொல்லும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டும், அப்போது கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். காது பின்னால் போகும். இதையெல்லாம் நாம் கவனிக்காவிட்டால்தான் உறுமும். உறுமுகிற நாயை அதட்டாதீர்கள். அது உங்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை, அதட்டி அதட்டி உறுமலை அடக்கிவிட்டால் அடுத்தமுறை எச்சரிக்கை இல்லாமல் நேரே கடி வரும். நின்று, பார்வையைத் தாழ்த்தி, பின்வாங்குங்கள். எதற்கு உறுமியது என்று எழுதுங்கள்.

புது நாயிடம் நேராக, முகத்துக்கு முகம் போகாதீர்கள். பக்கவாட்டில் நின்று, உட்கார்ந்து, அது உங்களை முகர்ந்து பார்க்க நேரம் கொடுங்கள். கை நீட்டித் தலையில் தட்டுவது நமக்குத்தான் கொஞ்சல். அது தானாக நெருங்கினால் மார்பிலோ தோளிலோ 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் நெருங்கி வந்தால் தொடருங்கள், விலகினால் அதோடு விடுங்கள்.

அப்படியும் கடிபடலாம். உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். "சின்னக் கீறல்தான்", "பாவம், நாய்க்குக் கெட்ட பேர் வந்துவிடும்" என்று மறைக்கவே கூடாது. மறைத்தால் ஆபத்து உங்களுக்கு மட்டுமில்லை, அந்த நாயை நம்பி வாங்கிப்போகும் குடும்பத்துக்கும்தான்.

வாரைப் பிடிக்கும்போது

காப்பகத்து நாய் நழுவி ஓடினால் அதற்குத் திரும்பி வர வீடு தெரியாது. எல்லாக் கவனமும் அதற்காகத்தான். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. பயந்த நாய்க்கு உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் கழுத்துப்பட்டையும் இரண்டுமே மாட்டி, இரண்டிலும் வாரைக் கோத்துவிடுங்கள், பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும் வித்தை அவற்றுக்கு நன்றாகத் தெரியும். இரட்டைக் கதவு உள்ள இடத்தில் முதல் கதவு சாத்திய சத்தம் கேட்டபின்தான் இரண்டாவது கதவு.

ஓடிவிட்டால் துரத்த வேண்டாம். துரத்தினால் அது இன்னும் ஓடும். அங்கேயே குந்தி உட்காருங்கள், பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள், தீனியைத் தரையில் போடுங்கள், அதற்குப் பழகிய இன்னொரு நாயைக் கூட்டி வரச் சொல்லுங்கள்.

நடை என்றால் தூரம் போவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மரத்தடியை 10 நிமிடம் முகர்ந்து பார்க்க விட்டாலே பல நாய்கள் அறைக்குத் திரும்பியதும் நிம்மதியாகத் தூங்கும்.

புதிதாக ஒரு நாய் வந்தால்

முதல் வேலை மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் உள்ள சின்னச் சில்லு, இருக்கிறதா என்று பார்ப்பது. வழக்கமாகத் தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்கும், ஆனால் தோலுக்கடியில் நகர்ந்து முன்னங்கால் பக்கம்கூடப் போயிருக்கும். ஸ்கேனரை உடம்பு முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். சர்வதேசத் தரத்தில் அந்த எண் 15 இலக்கம். ஓர் இலக்கம் தப்பாக எழுதினாலும் தொலைந்த நாயைத் தேடி அழும் குடும்பம் கைக்கெட்டாமல் போய்விடும். இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

பிறகு எடை, புகைப்படம், உண்ணி, காயம், பல். பாலினத்தைக்கூட அவசரத்தில் தவறாக எழுதிவிடுகிறோம், தூக்கிப் பார்த்து எழுதுங்கள். பற்களை வைத்து வயதை ஓரளவு ஊகிக்கலாம்: பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைப்பது 4 முதல் 7 மாதத்துக்குள். அதற்கு மேற்பட்ட நாய்க்கு நாம் சொல்வது குத்துமதிப்புதான், அப்படியென்றே எழுதுங்கள். தோற்றத்தைப் பார்த்து இனத்தைச் சொல்வது அதைவிட மோசமான ஊகம், மரபணுச் சோதனையில் பெரும்பாலும் பொய்த்துப்போகும். "நடுத்தர உயரம், குட்டை முடி" என்று எழுதினால் யாருக்கும் ஏமாற்றமில்லை.

தடுப்பூசி வந்த அன்றே போட்டாக வேண்டும். எல்லா நாய்க்கும் இடையே தள்ளாமல் 14 நாள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். பார்வோ வெளியே தெரிய வழக்கமாக ஒரு வாரம்வரை ஆகும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் அதைவிடத் தாமதமாகவும் காட்டும். இந்த நாட்களில்தான் நாய் மிகவும் மிரண்டு கிடக்கும். முதல் 3 நாளில் மன அழுத்தச் சுரப்பு உச்சத்தில் இருப்பதைக் காப்பக நாய்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆகவே அந்த 3 நாளில் பார்த்த குணத்தை அதன் குணம் என்று எழுதிவிடாதீர்கள். தேதியோடு எழுதுங்கள், 10 நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நாய் தெரியும்.

குட்டிகள் விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. 3 வாரத்திலிருந்து 14 வாரம்வரை பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம்தான் அவை ஆயுளுக்கும் எதற்கு அஞ்சும், எதற்கு அஞ்சாது என்பதைத் தீர்மானிக்கிறது. அதே வாரங்களில்தான் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசி இன்னும் முழுதாகப் பிடிக்காமல் இருக்கும். காப்பகங்களில் 2, 3 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு 20 வாரம்வரை தொடர்வது அதனால்தான். வழி இதுதான்: குட்டியை வெளித்தரையில் விடாமல், உலகத்தைக் குட்டியிடம் கொண்டுவாருங்கள். சுத்தமான உடையில் வெவ்வேறு வயது மனிதர்கள், குடை விரியும் சத்தம், மிக்ஸி ஓடும் சத்தம், சக்கர நாற்காலி, தொப்பி. 8 வாரம் முடியாமல் தாயையும் கூடப் பிறந்தவற்றையும் விட்டுப் பிரிக்க வேண்டாம். கண் திறக்காத குட்டி என்றால் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், எடை ஏறாத ஒரு நாளே மருத்துவரிடம் போகக் காரணம்.

சில குட்டிகள் பிழைக்காது. காலையில் வரும்போது ஒரு பெட்டி காலியாக இருக்கும். அன்று வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போய் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பழகியவர்களும் அப்படித்தான் செய்கிறோம்.

இனி, வீடு

இத்தனை நாள் எழுதிய நோட்டைத் திறக்கும் நேரம் இது.

அறிமுகக் குறிப்பு எழுதும்போது "அன்பானவன், புத்திசாலி, விளையாட்டுப் பிள்ளை" என்று எழுதாதீர்கள், எல்லா நாய்க்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். பார்த்ததை எழுதுங்கள். "பந்தைக் கொண்டுவருவாள், ஆனால் திருப்பித் தர மாட்டாள்." "இடி இடித்தால் குளியலறையில் போய்ப் படுப்பான்." படிக்கிறவர் மனதில் ஒரு நாய் எழுந்து நிற்கும். குறையையும் எழுதுங்கள். "தனியாக விட்டால் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது" என்ற வரியால் பத்துப் பேர் விலகுவார்கள், வீட்டிலேயே இருக்கும் பதினோராவது ஆள் வருவார். புகைப்படத்தைக் கம்பிக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாயைப் பற்றி "குழந்தைகளோடு நன்றாகப் பழகும்" என்று எழுதிவிட்டேன். காப்பகத்துக்கு வந்த ஒரு பத்து வயதுப் பையன் மடியில் அது தலை வைத்துப் படுத்ததைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். போன வீட்டில் தவழும் குழந்தை இருந்தது. நான்காம் நாள் நாய் திரும்பி வந்தது. நல்லவேளை, உறுமலோடு நின்றது. அன்றிலிருந்து "பத்து வயதுப் பையன் ஒருவனோடு ஒருமுறை அமைதியாக இருந்தது, சின்னக் குழந்தைகளோடு பார்த்ததில்லை" என்றுதான் எழுதுகிறேன்.

தத்தெடுக்க வருகிறவரை விசாரணைக் கைதிபோல நடத்தாதீர்கள். படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் பேச்சுக் கொடுங்கள்: "உங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?" இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசி வந்துவிடும். எத்தனை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும், வீட்டில் யார் யார், நாயை நடத்திக் கூட்டிப்போகப்போவது யார், வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதம் இருக்கிறதா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், மருத்துவச் செலவுக்கு வழி என்ன. குடும்பத்தில் எல்லோரும் வந்து பார்க்காமல் நாயைக் கொடுக்க வேண்டாம். முகம் சுளித்துக்கொண்டு ஓரமாக நிற்கும் அந்த ஒருவரோடுதான் நாய் அதிக நேரம் இருக்கப்போகிறது.

சந்திப்பைக் கூண்டு முன்னால் வைக்காமல், வெளியே அமைதியான இடத்தில் வையுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். நாய் பக்கத்தில் வந்து படுத்தால் எடுத்துக்கொள்கிறார்கள், விளையாடக் கூப்பிட்டும் கண்டுகொள்ளாவிட்டால் போய்விடுகிறார்கள். அதனால் சந்திப்புக்கு முன் நாயை ஒருமுறை நடத்திக் கூட்டிவந்து, சிறுநீர் கழிக்க விட்டு, அதற்குப் பிடித்த பொம்மை எது என்று நோட்டைப் பார்த்து எடுத்து வாருங்கள். ஏற்கெனவே வீட்டில் நாய் இருந்தால் இரண்டையும் முதலில் ஒரே திசையில், இடைவெளி விட்டு நடக்க வையுங்கள், நேருக்கு நேர் நிறுத்த வேண்டாம்.

யாரும் கேட்காமல் மாதக்கணக்கில் இருக்கும் நாயை ஓரிரு இரவு ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். அமெரிக்காவில் 5 காப்பகங்களில் 207 நாய்களை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், அப்படி வீட்டில் தங்கிய நாட்களில் நாய்களின் மன அழுத்தச் சுரப்பு குறைந்தது, திரும்பி வந்தபின் பழைய அளவுக்குப் போனதே தவிர அதைத் தாண்டவில்லை. "கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தால் ஏங்கிப்போகுமே" என்று தயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அதோடு அந்த இரண்டு இரவில் வீட்டுக்குள் அது எப்படி இருக்கிறது என்ற, காப்பகத்தில் எவ்வளவு முயன்றாலும் தெரியாத விஷயம் நோட்டில் ஏறும்.

சாம்பலை 7 மாதம் யாரும் கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், அதுதான் அவனுக்குப் பிடிக்காதது. பிறகு ஒரு பெண் வந்தார். வீட்டில் தையல் இயந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். "நாய் வேண்டும், ஆனால் அதோடு விளையாட எனக்கு நேரமிருக்காது, பக்கத்தில் இருந்தால் போதும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் நோட்டைப் புரட்டிப் பழைய வரியைக் காட்டினேன். அவரை அவன் அறைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோது சாம்பல் எழுந்துவந்து அவர் முதுகில் மூக்கை வைத்தான்.

கையில் கொடுக்கும் நாளும் அதற்குப் பிறகும்

கருத்தடை முடிந்திருக்கிறதா, தடுப்பூசிப் புத்தகம், குடற்புழு மருந்து கொடுத்த தேதி, மைக்ரோசிப் புது உரிமையாளர் பெயருக்கு மாறியதா, இந்த நான்கையும் சரிபார்த்தபின்தான் கையெழுத்து. பழகிய தீனி ஒரு வாரத்துக்கு, அது படுத்த போர்வை, நோட்டுப் பக்கத்தின் நகல், மூன்றையும் கூட அனுப்புங்கள்.

வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: சுற்றிப் பழக முதல் 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், இது தன் வீடு என்று நம்ப 3 மாதம். இது குத்துமதிப்பான கணக்குதான், சில நாய்கள் இன்னும் கேட்கும். முதல் 3 நாள் சொந்தக்காரர்களைக் கூப்பிட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் வார் கையில் இருக்கட்டும். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். "எல்லாம் நலமா?" என்று கேட்டால் "நலம்" என்றுதான் பதில் வரும். "நேற்றிரவு எங்கே தூங்கியது?" என்று கேளுங்கள்.

சில நாய்கள் திரும்பி வரும். கொண்டுவந்து விடுகிறவரிடம் முகத்தைக் காட்டாதீர்கள். வெட்கப்பட்டு வேறெங்காவது அவிழ்த்து விடுவதைவிட நம்மிடம் கொண்டுவந்ததே பெரிது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன நடந்தது என்று முழுசாகக் கேளுங்கள். அங்கே எத்தனை நாள் இருந்தது, மாடிப்படி ஏறியதா, காரில் வாந்தி எடுத்ததா, யாரிடம் ஒட்டிக்கொண்டது, எந்த நேரத்தில் உறுமியது. பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அதன் கீழேயே தேதி போட்டு எழுத ஆரம்பியுங்கள்.